இரண்டு மரை

எங்கள் அண்ணன் லிங்கத்துக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, அவன் கை. கதவு திறக்கவில்லை என்றால் உதை. டிவியில் படம் ஆடினால் அதன் மண்டையில் ஒரு தட்டு. தங்கச்சி எதிர்த்துப் பேசினால் அதே தட்டு அவள் மண்டையில். அந்தத் தங்கச்சி நான்தான், பூமாரி. நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த கோபம் எனக்கு மட்டும் பாதியாகவா வந்திருக்கும்? அவன் அடித்தால் நான் கடிப்பேன். அவனுடைய இடது கையில் என் பல் பதிந்த தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பல்லும் கையும் மோதினால் கடைசியில் ஜெயிப்பது கைதான். என் மேல்வரிசையில் ஒரு பல் குறைவது அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் விஜய்குமார் இருந்தவரை அண்ணன் பணகுடியில் இருந்தான், நாங்கள் திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றோரம் இருந்தோம், நடுவில் மலை இருந்தது, எல்லாம் நன்றாக இருந்தது. ஒரு மழைநாளில் பலாக்கிளை முறிந்து விழுந்து அவர் போய்ச் சேர்ந்தார். கருமாதிக்கு வந்த அண்ணன் திரும்பிப் போகவில்லை. “தாலியறுத்தவளத் தனியா விட்டுட்டுப் போனா ஊரு என்னையல்லா காறித் துப்பும்” என்றான். காவலுக்கு வந்தவன் எங்கள் ஒற்றை அறையின் நடுவில் பாய் விரித்தான். நானும் என் மகள் ஜானவியும் சுவரோரம் ஒதுங்கினோம். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலி மேய்ந்ததோடு நிற்காமல் மிதிக்கவும் செய்தது.

ஜானவி பிளஸ் டூ படிக்கிறாள். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். ஒருநாள் அந்தியில் அவள் மலையாளத்தில் ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு வந்த அண்ணன், “என்னட்டி, என்னத் திட்டுதியா?” என்று அவள் சடையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் அடுப்பில் இருந்த தோசைத் திருப்பியை எடுத்து அவன் முதுகில் வைத்தேன். சுர் என்றது. அவன் திரும்பி என் வாயில் குத்தினான். பல் போனது அன்றைக்குத்தான். ஜானவியின் நெற்றியில் புடைப்பு, என் வாயில் இரத்தம், அவன் முதுகில் கொப்புளம். மூன்று பேரும் அதே அறையில் அன்றைக்கும் படுத்தோம். படுக்க வேறு இடம் இல்லை.

எனக்கு வேண்டியது என்ன என்று அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு அறை வேண்டும். அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். கடவுளிடம் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அந்த அறை கழக்கூட்டத்தில் இருந்தது. அங்கே ஒரு கம்பெனி வளாகத்தில் துப்புரவு, தோட்டம் எல்லாவற்றையும் குத்தகைக்கு எடுத்திருந்த ஆளிடம் சபீனா சூப்பர்வைசர். தக்கலைக்காரி, இங்கேயே வளர்ந்து பாதி மலையாளியாகிவிட்டவள். அவர்களுடைய புல் வெட்டும் வண்டி கெட்டுப்போய்க் கிடந்தது. வைகாசிக் கடைசியில் பிடிக்கிற இடவப்பாதி மழையில் புல்லோ முழங்கால் உயரம்.

“பூமாரிக்கா, ஒங்க கையில ட்ராக்டர் உண்டல்லோ” என்றாள். “மெஷினோட வர்ற ஆளுக்கு பம்ப் ஹவுசுக்குப் பின்னால ஒரு ரூம் தருவாங்க. நல்ல ரூம், கதகு எல்லாம் உறப்பு. திங்களாழ்ச்ச வண்டி ஓடணும். ஓடலைங்கில் நெய்யாற்றின்கரையில இருந்து வேற ஒருத்தன் வந்துருவான். பின்னெ என்னால ஒண்ணும் செய்யப் பற்றாது, கேட்டீங்களா?”

கேட்டேன். என் காதில் விழுந்தது கதவு உறப்பு, கெட்டியான கதவு என்ற ஒன்று மட்டும்தான்.

டிராக்டர் என்றதும் வயலில் உழுகிற வண்டியை நினைக்க வேண்டாம். இது கன்றுக்குட்டி உயரம். உட்கார்ந்து ஓட்ட வேண்டும், வயிற்றுக்கடியில் பிளேடு சுற்றும், புல் சீராக வெட்டுப்படும். என் வீட்டுக்காரர் தோட்டவேலை பார்த்த கவடியார் பங்களாவில், வெளிநாட்டிலிருந்து வந்த இந்த வண்டி மழையில் நனைந்து கிடந்தது. “இது இவிடெ கிடந்து துருவெடுக்கும், நீ கொண்டுபொய்க்கோ” என்று பங்களாக்காரர் கொடுத்துவிட்டார். அதை எழுப்ப என் வீட்டுக்காரரும் நானும் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெல்ட் கிடைக்காது, புஷ் கிடைக்காது, எதையும் எதிலிருந்தோ வெட்டி ஒட்டி ஓடவைத்தோம். அவர் போன பிறகு நானே ஓட்டினேன். கண்ணம்மூலை, பட்டம், வழுதக்காடு என்று பங்களா பங்களாவாகப் புல் வெட்டித்தான் ஜானவிக்குச் சோறு போட்டேன்.

அந்த வண்டியையும் அண்ணன் விடவில்லை. சபீனா சொன்ன மறுநாளே, கூட்டாளிகளுக்கு முன்னால் தானும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஏறி, புல்லுக்குள் மறைந்திருந்த சர்வே கல்லில் பிளேடை மோதினான். எஞ்சின் ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றது. பிறகு கயிற்றை இழுத்தால் திருப்பிக் கையை உதைக்கிறதே தவிர எடுக்கவில்லை.

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். எஞ்சின் தலையில் ஃபிளைவீல் என்று ஒரு கனத்த இரும்புச் சக்கரம் உண்டு. அதற்கும் எஞ்சினின் நடுத்தண்டான ஷாஃப்டுக்கும் நடுவில் நகத்தளவு ஒரு கீ இருக்கும், மெத்தென்ற உலோகம். பிளேடு கல்லில் மோதினால் ஷாஃப்ட் முறியாமல் இருக்க அந்தக் கீ அறுந்து கொடுக்கும். அது அறுந்தால் எஞ்சின் எடுக்காது. புதுக் கீயைச் சாலை பஜாரில் வாங்கி முந்தானையில் முடிந்துவிட்டேன். அதைப் போட ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். அங்கேதான் வந்தது வினை. எத்தனையோ மழையைப் பார்த்த இரும்பு, ஷாஃப்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது.

வாரம் முழுக்க அதனோடு மல்லுக்கு நின்றேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன், பிரேக் ஆயில் ஊற்றினேன். நெம்புகோல் கொடுத்தேன், வழுக்கி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. நெருப்பு காட்டலாம் என்றால் சக்கரத்துக்குள் காந்தம் இருக்கிறது, சூடு பட்டால் செத்துப்போகும். ஓங்கி அடிக்கலாம் என்றால் வார்ப்பு இரும்பு. அப்பளம் மாதிரி உடையும். உடைந்தால் இந்தப் பழைய வண்டிக்கு வேறு சக்கரம் எந்த ஊரிலும் கிடையாது. அண்ணன் குடித்துவிட்டு வந்து பார்த்துச் சிரிப்பான். “ஒன்ன மாதிரியே இருக்குட்டி, நாலு போட்டாத்தான் வழிக்கு வரும்” என்பான். அப்படி ஒரு தடவை கையில் இருந்த ஸ்பேனரை எறிந்தேன். குனிந்துகொண்டான். தகரத்தில் பட்டு ஓட்டை விழுந்தது. அவன் எழுந்து வந்து அதே ஸ்பேனரால் என் தோளில் இரண்டு வைத்தான். வலது கையைத் தூக்க முடியாமல் ஒருநாள் வேலை போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் புல்லர் ஒன்றைக் கடன் வாங்கி வந்தேன். மூன்று கால் உள்ள இரும்பு நண்டு அது. கால்கள் சக்கரத்தை அடியில் பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள திருகாணி ஷாஃப்டின் தலையில் முட்டும். திருகத் திருகச் சக்கரத்தை மேலே இழுக்கும். எஞ்சினைக் கழற்றி, ஆடாமல் இருக்க ஒரு பழைய லாரி டயருக்குள் உட்காரவைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டயர் எஞ்சினை நோகாமல் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு முறை உண்டு. சக்கரத்தின் மேலே ஷாஃப்டில் ஒரு நட்டு இருக்கும். அதை முழுசாகக் கழற்றவே கூடாது. தளர்த்தி, இரண்டு மரை, அதாவது இரண்டு சுற்று மட்டும் பிடித்திருக்கும்படி விட்டுவைக்க வேண்டும். அத்தனை இறுக்கத்தில் இருக்கிற சக்கரம் விடும்போது மெல்ல விடாது, வெடி மாதிரி விடும். அப்போது அந்த நட்டுதான் அதைத் தடுத்துப் பிடிக்கும். “ரெண்டு மரை விடு பூமாரி, ரெண்டு மரை நம்ம மூஞ்சியக் காப்பாத்தும்” என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். கொச்சுவேளியில் நட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இழுத்த ஒருவனுக்குத் தாடை போனதை அவர் நேரில் பார்த்திருக்கிறார்.

நான் இரண்டு மரை விட்டேன். புல்லரை என் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். கிர்ர் என்றது, வரவில்லை. இழுத்தபடி ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும், காலையில் திருகாணித் தலையில் ஒரு அடி கொடுத்தால் விடும் என்று சாக்கைப் போட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழவங்காடிக்குப் போனேன். எந்தக் காரியமானாலும் அங்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் தொடங்குவது இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வழக்கம். என்னைப் போன்ற கோபக்காரர்களுக்கு அந்தக் கோயில் நல்ல வசதி. மற்ற சாமிகள் எல்லாம் அமைதியாக இரு என்று சொல்லும். இவர் மட்டும்தான் ஓங்கி எறி என்பார். எறிந்தேன். யார் முகத்தை நினைத்துக்கொண்டு எறிந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. சிரட்டைச் சில்லு ஒன்று தெறித்துப் பக்கத்தில் நின்ற ஒரு மாமியின் புடவையில் விழுந்தது. “மெதுவா எறியப்படாதோடி, என்ன ஆவேசம்!” என்று கடிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்தேன்.

சந்து முனையிலேயே சுத்தியல் சத்தம் கேட்டது.

அண்ணன் எஞ்சினை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தான். டயரின் இரண்டு பக்கமும் கால்களைப் பரப்பிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். காலையிலேயே குடித்திருந்த நாற்றம். ஜானவி நிலைப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“அம்மா, மாமா எஞ்சினைப் பொளிக்கப்போகுது” என்றாள். “ஆக்ரிக்காரன் வருமாம். செம்பு எடுக்கணுமாம். நான் வேண்டா வேண்டான்னு சொன்னேன். கேக்கல்ல.”

ஃபிளைவீலுக்கு அடியில் காயில் என்கிற சுருள் இருக்கிறது. அதில் செம்புக் கம்பி. பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரனுக்குப் போட்டால் இரண்டு நாள் குடிக்கலாம். அதற்காக எங்கள் அறையை, எங்கள் தாழ்ப்பாளை உடைக்க உட்கார்ந்திருந்தான்.

“எந்திரிடா!” என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அண்ணனை டா போட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். “கழக்கூட்டத்துக்குப் போறியாமே. எங்கிட்டச் சொல்லாமக் கொள்ளாம. எவன்கூடட்டி?” கையில் எதையோ வைத்து உருட்டினான். “ஒரு வாரமா முக்குத, வரல வரலன்னு அழுத. நட்டைக் கழத்தாமலே இழுத்திருக்க! கூறு இருக்கா ஒனக்கு? பொம்பளக்கி எதுக்குட்டி ஸ்பேனரு?”

அவன் உள்ளங்கையில் நட்டு. புல்லரை அவிழ்த்து, நட்டைக் கழற்றிவிட்டு, மறுபடியும் புல்லரை மாட்டி இறுக்கியிருக்கிறான். நான் மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

என் கோபம் ஒரு நொடி நின்றது. பயம்தான் முதலில் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கிட்டே ஓடினேன்.

“அண்ணே, நட்டைப் போடு. ரெண்டு மரையாவது போட்டுட்டு அடி. தெறிக்கும் அது. முன்னால குனியாத.”

அவன் உட்கார்ந்தபடியே புறங்கையை வீசினான். மோதிரம் போட்ட கை. சரியாக வாயில், பல் போன அதே இடத்தில் பட்டது. நான் மண்ணில் விழுந்தேன். வாய் நிறைய உப்புக் கரித்தது.

“எனக்குப் படிச்சுக் குடுக்கியோ? இது வரலன்னா கூடத்த எடுத்துச் சுக்குநூறா ஒடச்சு எடுப்பேன். ஒன் கழக்கூட்டத்தையும் சேத்து ஒடப்பேன். அப்புறம் ஒன் மவளுக்கு எங்கயாவது ஒருத்தனப் பாத்துத் தள்ளிவிட்டாத்தான் எனக்குத் தூக்கம்.”

கூடம் என்பது பத்துக் கிலோச் சம்மட்டி. அது அவன் பக்கத்திலேயே கிடந்தது.

திருகாணியின் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். இரும்பு கீச்சிட்டது. நான் இத்தனை நாள் கேட்காத சத்தம். சக்கரம் விடப்போகிறது என்று என் காதுக்குத் தெரிந்தது. அவன் குழாயை எறிந்துவிட்டுச் சுத்தியலை எடுத்தான். தாடை சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தது. டயருக்குள் எஞ்சின் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு தடவை சொன்னேன். வாயிலேயே போட்டான். இரண்டாவது தடவை சொல்ல வாய் இருந்தது, மனசு இல்லை.

ஜானவி நிலைப்படியிலிருந்து இறங்கி எங்களை நோக்கி வந்தாள். அப்போது மட்டும் என் வாய் திறந்தது. “ஏட்டி, உள்ள போ! சொவத்துக்கு அந்தால போ!” என்று கத்தினேன். என் கத்தலில் அவள் அரண்டு உள்ளே ஓடினாள்.

அண்ணன் அடித்தான். ஒன்று. டயர் அமுங்கி எழும்பியது. இன்னும் கிட்டே குனிந்து, “வா மூதேவி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று ஓங்கி அடித்தான்.

சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. ஆற்றோரத்தில் காக்கையெல்லாம் எழும்பிவிட்டது. சக்கரமும் புல்லரும் சேர்ந்து மேலே எழும்பி அவன் தாடைக்கடியில் அடித்தன. தலை பின்னால் போனதைப் பார்த்தேன். எலும்பு முறிந்த சத்தத்தையும் கேட்டேன். பச்சை விறகு ஒடிகிற சத்தம்தான் அது. அவன் மல்லாந்து விழுந்தான், சக்கரம் அவன் நெஞ்சின் மேல் விழுந்தது. அங்கேயும் ஏதோ உள்ளே முறிந்தது. கால் இரண்டும் உதைத்துக்கொண்டு மண்ணைக் கீறின. வாயிலிருந்து இரத்தமும் பல்லும் சேர்ந்து வழிந்தன. கத்த முயன்றான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியதால் கொழகொழ என்று மட்டும் வந்தது.

நான் எழுந்து ஓடினேன். ஓடிப்போய் முதலில் எடுத்தது சக்கரத்தை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இதழ்களை விரலால் தடவினேன். ஒன்றுகூட உடையவில்லை. காந்தமும் கழன்று விழவில்லை. வாசல் படியோரம் மட்டும் கருங்கல் பாவியிருந்தது. அதில் விழுந்திருந்தால் நாலாகப் போயிருக்கும். அண்ணன் நெஞ்சில் விழுந்ததால் பிழைத்தது. அதைப் பத்திரமாகச் சாக்கின் மேல் வைத்துவிட்டுத்தான் அவன் தலையைத் தூக்கி ஒருக்களித்துப் பிடித்தேன், இரத்தம் மூச்சில் போகாமல் இருக்க. அவன் கண் என் முகத்தையே பார்த்தது. எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டுமே என்றுகூட அப்போது தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு ஜெயகுமாரின் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாடை இரண்டு இடத்தில் முறிவு, காறை எலும்பு ஒன்று, விலா மூன்று. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து என் கிழிந்த உதட்டைப் பார்த்தார், ஜாக்கெட்டில் இருந்த இரத்தத்தைப் பார்த்தார்.

“எந்து பற்றி?” என்ன நடந்தது என்று கேட்டார். “நீ அடிச்சதாணோ?”

“நட்டைக் கழத்திட்டாரு சார்” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜானவியைக் கேட்டார். அவள் அழகான மலையாளத்தில் எல்லாம் சொன்னாள். மாமா தானே கழற்றி, தானே அடித்து, தானே வாங்கிக்கொண்டதைச் சொன்னாள். அம்மா வேண்டாம் என்று சொன்னதையும் அதற்கு அம்மா வாங்கியதையும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் கத்தியதை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து ஒரு நர்ஸ் வந்து அவன் உடுப்புகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கவருக்குள் கையை விட்டேன். சட்டை ஈரமாக, கனமாக இருந்தது. மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் துழாவினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், “பாவம், கூடப்பெறப்பல்லே. கரயண்டா மோளே” என்று, அழாதே என்று தேற்றி என் தலையைத் தடவினாள். என் விரலில் நட்டு தட்டியது. சட்டைப் பையின் மூலையில் இரத்தத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்த அளவு மரை கடையில் கிடைக்காது; அது இல்லாமல் சக்கரத்தைத் திரும்ப மாட்ட முடியாது. எடுத்து முந்தானையில், கீ இருந்த முடிச்சிலேயே முடிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டர் எங்கே, அவன் பிழைப்பானா என்று விசாரித்தேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. அங்கே நிற்க ஜெயகுமார் சம்மதித்தார். நான் வீட்டுக்கு வந்தேன்.

அடித்த அடியில் ஷாஃப்டின் நுனி நசுங்கியிருந்தது. முக்கோண அரத்தால் மரை மரையாக ராவினேன். நட்டை மண்ணெண்ணெயில் கழுவினேன். கழுவிய எண்ணெய் சிவப்பாக ஓடையில் போனது. புதுக் கீயை வைத்து, சக்கரத்தை இறக்கி, நட்டை முழுசாக, இரண்டு மரை மிச்சமில்லாமல், வலித்த தோளோடு இறுக்கினேன். கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே எடுத்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி ஓவென்று அழுதேன். சின்ன வயதில் பணகுடிச் சந்தையில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவனும் இதே அண்ணன்தான்.

திங்கட்கிழமை, எஞ்சினைப் பூட்டிய வண்டியை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு கழக்கூட்டம் போனோம். சபீனா என் உதட்டைப் பார்த்து, “படச்சோனே, இது எந்து கோலம்?” என்றாள். வண்டி ஓடுவதைப் பார்த்ததும் மேலே கேட்கவில்லை, சாவியைத் தந்தாள். பம்ப் மோட்டார் சத்தம் எந்நேரமும் கேட்கிற அறை. கதவு நல்ல பலாமரம். உள்பக்கம் ஒரு முழ நீளத்தில் இரும்புத் தாழ்ப்பாள். ஜானவி அதைப் போட்டாள், திறந்தாள், மறுபடியும் போட்டாள். பிறகு கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“அம்மா, அப்போ என்னை மட்டும் விலகி நிக்கச் சொன்னதெந்தா?”

“நீ எம் புள்ளட்டி” என்றேன்.

“மாமாவும் உங்க அண்ணனல்லே?”

அவள் கேட்டதில் தப்பில்லை. அன்றைக்குச் சோறு வடித்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். வெகு நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுப் படித்தாள். யாரும் அதட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போகாமல் இல்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கஞ்சியைக் குழலில் ஊற்றிக் கொடுத்தேன். அவன் குடித்தான், என்னைப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. பணகுடியிலிருந்து சித்தப்பா மகன் வந்து கூட்டிப்போனான். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

ஓணத்துக்கு முன்னால் ஒருநாள் வளாகத்து மதிலுக்கு வெளியே, ஹைவே ஓரப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தேன். லாரியும் பஸ்ஸும் இரைந்துகொண்டு போயின. வண்டியைத் திருப்பினேன். முன்னால் அண்ணன் நின்றான். இளைத்திருந்தான். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. ஒரு தோள் இறங்கியிருந்தது. ஆனால் கால்கள் மட்டும் அதே மாதிரி பரப்பி நின்றன.

“வீட்டுக்கு வாட்டி” என்றான். சொல் கொழகொழத்தது. “ஜானவிய எங்க? ஊருல மாப்ள பாத்தாச்சு. எறங்கு.”

நான் இறங்கவில்லை. பிளேடும் நிற்கவில்லை. வண்டியை அவனை நோக்கி மெல்ல விட்டேன். புல்லும் மண்ணும் பக்கவாட்டில் தெறித்தன. அவன் அசையவில்லை. அடிபட்ட கையைத் தூக்கினான். அது பாதிக்கு மேல் ஏறவில்லை. இன்னொரு கையைத் தூக்கினான், என் பல் தழும்பு உள்ள கை. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பாய் நீளம்தான் இருந்தது. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது. அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியது அப்போது தொண்டைக்கு வந்தது.

“அண்ணே” என்றேன். “முன்னால நிக்காத.”

என் முகத்தைப் பார்த்தான். எஞ்சின் தலையில் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தான். அவன் கை தானாகப் போய்த் தாடையைத் தொட்டது.

விலகினான். அவன் நின்ற இடத்துப் புல்லையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போனேன்.